கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தபோது ஒன்று மனத்தை உறுத்தியது. பலர் உறுப்பின் பெயரையே எழுதவில்லை. ‘அந்த இடம்’, ‘கீழே’, ‘அடிவயிற்றில் ஏதோ ஒன்று’ என்றே எழுதியிருந்தார்கள். பெயர் தெரியாத உறுப்பில் வலி வந்தால் அதை மருத்துவரிடம் சரியாகச் சொல்வதும் கடினம். எனவே இந்தப் பதில்களில் எந்தப் பெயரையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், “சிறுநீர் வரும் வழியாகத்தான் மாதவிடாய் ரத்தமும் வருமா, குழந்தையும் அதே வழியாகத்தான் பிறக்குமா?” என்று கேட்டாள். இரண்டு குழந்தைகளைப் பெற்ற எனக்கே உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. எப்படி விளக்குவது?

பதில்: உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்.

பெண்ணுக்கு மூன்று தனித்தனித் துவாரங்கள் உள்ளன. முன்னால் இருப்பது சிறுநீர்த் துவாரம். அது மிகச் சிறியது. அதற்குச் சற்றுப் பின்னால் இருப்பது யோனித் துவாரம். மாதவிடாய் ரத்தம் வெளியேறுவதும் குழந்தை பிறப்பதும் இதன் வழியாகத்தான். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள மலத்துவாரம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்களுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே கொண்டது, ஆண்களுக்கு அது இதைவிடப் பல மடங்கு நீளம். பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கு இந்தக் குறைந்த நீளமும், மலத்துவாரம் அருகிலேயே இருப்பதும் முக்கியக் காரணங்கள். கழிவறையில் சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னோக்கியே துடைக்க வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது இதனால்தான்.

வெளியே தெரியும் பகுதியில் இரண்டு பெரிய இதழ்களும், அவற்றுக்குள் இரண்டு சிறிய இதழ்களும் உண்டு. இவற்றின் அளவும் நிறமும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வேறுபடும். இரு பக்கமும் ஒரே அளவாக இல்லாதிருப்பதும் இயல்பே. சிறிய இதழ்கள் மேலே சந்திக்கும் இடத்தில் கிளிட்டோரிஸ் எனப்படும் மொட்டுப் போன்ற உறுப்பு இருக்கிறது. நரம்புகள் செறிந்த இந்த உறுப்பின் பெரும்பகுதி உடலுக்குள்ளே மறைந்திருக்கிறது. அதன் முழு வடிவத்தை ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ’கானலும் அவருடைய குழுவினரும் 1998-இல் விரிவாக விளக்கினார்கள். ஒரு பெண்ணுறுப்பின் வடிவத்தை இவ்வளவு தாமதமாகத்தான் மருத்துவ உலகம் கவனித்துப் பார்த்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உள்ளே செல்லும் பாதையான யோனி, 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள தசைக் குழாய். சாதாரண நேரத்தில் அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று படிந்தே இருக்கும். சுவரில் குறுக்கு மடிப்புகள் நிறைய இருப்பதால் பிரசவ நேரத்தில் அது விரிந்து கொடுத்து, பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலையை நெருங்குகிறது. மகளுக்கு ஒரு தாளில் மூன்று வட்டங்களை வரைந்து காட்டினாலே பாதி விளங்கிவிடும். மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருவது வழக்கம் என்பதால், அவளிடம் பேசுவதற்கு ஏற்ற காலம் இதுவே. 15 வயது முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் சிறுவயது முதல் சைக்கிள் ஓட்டுகிறேன், தடகளப் போட்டிகளிலும் கலந்துகொண்டிருக்கிறேன். விரைவில் திருமணம். கன்னித்திரை கிழிந்திருக்குமோ, பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க முடியுமா என்று தோழி கேட்கச் சொல்கிறாள்.

பதில்: அப்படி ஒரு சான்றிதழை நேர்மையான எந்த மருத்துவராலும் தர முடியாது. கன்னித்திரை என்ற பெயரைக் கேட்டால் துவாரத்தை முழுவதும் மூடிய திரை போலத் தோன்றும். உண்மையில் அது யோனித் துவாரத்தின் ஓரத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு மடிப்பு. நடுவே திறப்பு இருப்பதால்தான் திருமணமாகாத பெண்ணுக்கும் மாதவிடாய் வெளியேறுகிறது. சிலருக்கு அது பிறவியிலேயே மிகக் குறைவாக இருக்கும். சிலருக்கு உடலுறவுக்குப் பின்னும் மாற்றம் எதுவுமின்றி இருக்கும். முதல் உறவில் பல பெண்களுக்கு ரத்தம் வருவதே இல்லை. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது என்றும் அதைக் கைவிட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-இல் கூட்டாக அறிவித்தன. நீங்கள் தொடர்ந்து ஓடுங்கள், சைக்கிளும் ஓட்டுங்கள்.

கேள்வி: ஸ்கேன் அறிக்கையில் என் கருப்பை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. குழந்தை பிறக்காதோ என்று பயந்து தூக்கமே வரவில்லை.

பதில்: முதலில் நன்றாகத் தூங்குங்கள். ஏறத்தாழ ஐந்து பெண்களில் ஒருவருக்குக் கருப்பை இப்படித்தான் இருக்கிறது. சிலருக்கு நெற்றி அகலமாக இருப்பதைப் போன்ற உடலமைப்பு வேறுபாடுதான் இது. பின்சாய்வு மட்டும் கருத்தரிப்பதற்குத் தடையாவதில்லை.

கருப்பை தலைகீழாகப் பிடித்த பேரிக்காயைப் போன்றது. கருவுறாத பெண்ணிடம் அதன் நீளம் ஏறத்தாழ 7.5 செ.மீ., அகலம் 5 செ.மீ., தடிமன் 2.5 செ.மீ., எடை 60 கிராம் அளவில்தான் இருக்கும். முன்னே சிறுநீர்ப்பையும் பின்னே மலக்குடலும் இருக்க, இவற்றுக்கு நடுவே அது அமர்ந்திருக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது முன்னே சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் படிந்திருக்கும். உங்களுக்கு மலக்குடல் பக்கம் சாய்ந்திருக்கிறது. தசைநார்கள் அதைப் பல பக்கங்களிலும் தாங்கிப் பிடித்தாலும் இறுக்கிக் கட்டிவைக்கவில்லை; சிறுநீர்ப்பை நிரம்பினால் முன்சாய்ந்த கருப்பையும் சற்றே பின்னே தள்ளப்பட்டு, காலியானதும் திரும்ப வந்துவிடும்.

பழைய கிரேக்க மருத்துவர்களில் சிலர், கருப்பை உடலுக்குள் இடம்விட்டு இடம் அலைவதாகவும் பெண்களின் பல நோய்களுக்கு அதுவே காரணம் என்றும் நம்பினார்கள். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல்லே பிறந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே எபேசஸ் நகரத்து மருத்துவர் சொரானஸ் இக்கருத்தை மறுத்திருக்கிறார். ஆனாலும் கருப்பை தன் இடத்தில் இல்லையோ என்ற அச்சம் பெண்களை இன்னும் விட்டபாடில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.

கருப்பையின் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன: வெளியே மெல்லிய உறை, நடுவே தடித்த தசை, உள்ளே ஒவ்வொரு மாதமும் வளர்ந்து உதிரும் உட்படலம். கருவுற்ற பின் தசை அடுக்கு வளர்வதைப் போல உடலில் வேறெந்த உறுப்பும் அவ்வளவு வேகமாக வளர்ந்து நான் பார்த்ததில்லை. 60 கிராம் எடையிருந்த உறுப்பு பிரசவ நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவாகிறது. அப்படி வளரும்போது பின்சாய்ந்த கருப்பையும் சுமார் 12-ஆம் வாரத்தில் தானாகவே நிமிர்ந்து வயிற்றுக்குள் எழுந்துவிடும். கடுமையான மாதவிடாய் வலியோ உடலுறவின்போது ஆழ்ந்த வலியோ சேர்ந்திருந்தால் மட்டும், உள்ளே ஒட்டுதல்கள் கருப்பையைப் பின்னே இழுத்துப் பிடித்திருக்கின்றனவா என்று பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: மாதாமாதம் உடலிலுள்ள கெட்ட ரத்தம்தான் வெளியேறுகிறது என்று என் மாமியார் சொல்கிறார். சில நேரங்களில் கட்டிகட்டியாகவும் போகிறது. முதல் இரண்டு நாட்கள் வலி தாங்க முடியவில்லை. கெட்ட ரத்தம் அதிகமாகச் சேர்ந்ததால்தான் இப்படி ஆகிறதா?

பதில்: கெட்ட ரத்தம் என்று ஒன்று உடலில் இல்லை. கருப்பைக்கு வரும் ரத்தமும் இதயத்துக்கும் மூளைக்கும் போகும் அதே ரத்தம்தான். மாதவிடாயில் வெளியேறுவதில் பாதி, அல்லது அதற்கும் குறைவான அளவே ரத்தம். மீதி உதிர்ந்த உட்படலத் துணுக்குகளும், திசுநீரும், சளி போன்ற சுரப்பும் ஆகும். மாமியார் மீது கோபப்பட வேண்டாம். அவர் கேட்டு வளர்ந்ததைத்தான் சொல்கிறார். ஆனால் ஒரு பெண் தன் உடலில் மாதந்தோறும் அழுக்கு சேர்வதாக நம்பி வாழ்வது நியாயமாகாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாதவிடாய்ச் சுழற்சியைத் தொடங்கி வைப்பது மூளை. ஹைப்போதலாமஸ் என்ற பகுதி விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞைகளை ஏற்று, மூளையின் அடியில் தொங்கும் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். ஆகிய இரு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. இவை சினைப்பைகளை அடைகின்றன. பாடநூல்கள் அண்டகம் என்றும், பேச்சில் நாம் ஓவரி என்றும் சொல்வது இதைத்தான். கருப்பையின் இரு புறமும் பாதாம் பருப்பு வடிவத்தில், ஏறத்தாழ 3 செ.மீ. நீளத்தில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ளன. எஃப்.எஸ்.ஹெச். தூண்டுதலால் சினைப்பைக்குள், ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை ஏந்திய ஃபாலிக்கிள் என்னும் நுண்பைகள் சில ஒன்றாக வளரத் தொடங்கும். சில நாட்களில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு சுமார் 20 மி.மீ. வரை பெரிதாக, மற்றவை சுருங்கிவிடும்.

வளரும் அந்த நுண்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு வந்து, மாதவிடாய் முடிந்தபோது 2 அல்லது 3 மி.மீ. தடிமனே இருந்த உட்படலத்தை 10 மி.மீ. அளவுக்கு வளர்க்கிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டதும் மூளை எல்.ஹெச். ஹார்மோனைப் பெருமளவில் விட, அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில் நுண்பை வெடித்து முட்டை வெளியேறுகிறது. காலியான நுண்பை வீணாவதில்லை. அது மஞ்சள் நிறமுள்ள சிறு சுரப்பியாக மாறி, புரோஜெஸ்டிரோனைச் சுரந்து, கரு வந்து பதிய ஏற்றபடி உட்படலத்தை மென்மையாகவும் ஊட்டம் மிக்கதாகவும் ஆக்குகிறது. கரு தங்கினால் அது அனுப்பும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இந்த மஞ்சள் சுரப்பியைக் காப்பாற்றும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடாகத் தெரிவது அந்த ஹார்மோன்தான். கரு தங்காவிட்டால் மஞ்சள் சுரப்பி ஏறத்தாழ 14 நாட்களில் தேய்ந்துவிட, புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கும். உட்படலத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் நாளங்கள் இறுகி, மேலடுக்கு உதிரத் தொடங்கும். அதுவே மாதவிடாய். அடியடுக்கு அப்படியே இருந்து, மறு மாதம் புதிய உட்படலத்தை வளர்க்கும். குழந்தைக்காக விரித்த படுக்கையை, குழந்தை வராததால் சுருட்டி எடுத்துவிட்டுப் புதியதை விரிப்பதைப் போன்றது இது. இதில் அழுக்குக்கு இடம் எங்கே?

இனி வலி. உதிரும் படலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருட்கள் வெளியாகின்றன. இவை கருப்பைத் தசையை இறுகச் செய்து படலத்தை வெளித்தள்ள உதவுகின்றன. இறுகும் தசைக்கு அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் குறைவதால்தான் வலி எடுக்கிறது. இதே பொருட்கள் குடலையும் தூண்டுவதால் சிலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருகின்றன. மெஃபனாமிக் அமிலம், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இவ்வேதிப்பொருட்கள் உருவாவதையே குறைக்கின்றன; ஆகவே வலி உச்சத்துக்கு ஏறிய பின் விழுங்குவதைவிட, தொடங்கும்போதே எடுத்தால் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

கட்டிகளைப் பொறுத்தவரை, ரத்தம் உறையாமலிருக்கக் கருப்பை தானே சில நொதிகளைச் சுரக்கிறது. போக்கு அதிகமாகும்போது அவற்றால் ஈடுகொடுக்க முடியாமல் போவதால் கட்டிகள் உண்டாகின்றன. ஒரு மாதவிடாயில் மொத்தம் 30 முதல் 40 மி.லி. ரத்தம் போவது சராசரி, 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம். வீட்டில் அளக்க முடியாது என்பதால் வேறு அடையாளங்களைச் சொல்கிறேன்: தொடர்ந்து சில மணி நேரம், மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, 2.5 செ.மீ.க்குப் பெரிய கட்டிகள் போனாலோ, ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். வலி ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனாலும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. “எல்லாப் பெண்களுக்கும் வரும் வலிதானே” என்ற ஒரு வாக்கியத்தால் அது பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது.

கேள்வி: எனக்கு 34 வயது. கருத்தடை மாத்திரை எடுத்த ஐந்து ஆண்டுகளில் கருமுட்டை வெளியாகவில்லை என்பதால், அந்த முட்டைகள் எனக்கு மிச்சமாகியிருக்குமா?

பதில்: அப்படி மிச்சமாகாது. ஒரு பெண் தன் வாழ்நாளுக்கான முட்டைகள் முழுவதையும் பிறக்கும்போதே கொண்டு வருகிறாள். தாயின் வயிற்றில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போது அவை 60 முதல் 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்படையும் வயதில் 3 முதல் 4 லட்சம். இவற்றுள் வெளியேறுவது 400 அல்லது 500 மட்டுமே. மற்றவை அனைத்தும் சினைப்பைக்குள்ளேயே மெல்ல மெல்ல அழிகின்றன. கருவுற்றிருந்தாலும், பாலூட்டினாலும், மாத்திரை எடுத்தாலும் இந்த அழிவு நிற்பதில்லை. மாத்திரை தடுப்பது முட்டை வெளியேறுவதை மட்டுமே. அதே நேரத்தில், மாத்திரையால் உங்கள் கருத்தரிக்கும் திறன் நிலையாகக் குறைந்துவிடவும் இல்லை.

இந்தக் கணக்கில் என்னை எப்போதும் வியக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. உங்கள் பாட்டி உங்கள் தாயைச் சுமந்திருந்தபோதே, பிற்காலத்தில் நீங்களாகப் போகும் அந்த முட்டை, உங்கள் தாயின் சின்னஞ்சிறு சினைப்பையில் உருவாகியிருந்தது. மூன்று தலைமுறையும் சில மாதங்கள் ஓருடலுக்குள் இருந்தன.

மனிதக் கருமுட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். ஆனாலும் அதைக் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. டச்சு மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் 1672-இல் நுண்பைகளை விவரித்தார். நுண்பையையே முட்டை என்று எண்ணினார். விந்தணுவை டச்சு நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக் 1677-இல் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார். பாலூட்டியின் உண்மையான முட்டையைக் கருவியல் அறிஞர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டறிந்ததோ 1827-இல், அதுவும் ஒரு நாயின் சினைப்பையில்.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். 35 வயதுக்குப் பிறகு முட்டைகளின் எண்ணிக்கையோடு தரமும் வேகமாகக் குறையத் தொடங்கும். ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை எண்ணிக்கையை ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது. இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா என்பதையும் அதைக்கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த எண்ணைப் பார்த்துக் கலங்கிவிட வேண்டாம். குழந்தை வேண்டும் என்று விரும்பினால் நாளைக் கடத்தாமல் முயலுங்கள். 35 வயதுக்குள் ஓராண்டு முயன்றும், அதற்கு மேற்பட்ட வயதில் ஆறு மாதம் முயன்றும் பலிக்காவிட்டால் கணவன், மனைவி இருவருமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு 35 நாட்களுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது. 14-ஆம் நாள்தான் கருத்தரிக்க ஏற்றது என்று படித்து, எட்டு மாதங்களாக அந்த நாளையே கணக்கில் வைத்திருக்கிறோம். பலன் இல்லை.

பதில்: நீங்கள் கணக்கிட்ட நாள்தான் தவறு. 14-ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கு மட்டும் பொருந்தும். 1920-களில் ஜப்பானிய மருத்துவர் ஒகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் க்னாஸும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டறிந்தனர்: முட்டை வெளியாவதற்கு முந்தைய பகுதி பெண்ணுக்குப் பெண் நீண்டும் குறைந்தும் இருக்கும், பிந்தைய பகுதியோ பெரும்பாலும் 14 நாள் அளவிலேயே நிற்கும். ஆகவே அடுத்த மாதவிடாய் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 35 நாள் சுழற்சியில் முட்டை 21-ஆம் நாளை ஒட்டி வெளியாகும்.

வெளியான முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிரோடிருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை வாழக்கூடும். எனவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் கருத்தரிக்க ஏற்றவை. உங்கள் மனைவிக்கு 16 முதல் 21-ஆம் நாள் வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தாலே போதும்; சுழற்சி மாதத்துக்கு மாதம் சற்று முன்பின்னாகலாம் என்பதால் இரு பக்கமும் ஓரிரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். 35 நாள் சுழற்சி இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்கள் வரை இயல்பே. அதற்கு மேல் தள்ளிப்போகத் தொடங்கினால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் தைராய்டு கோளாறும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். குழாயை அடைத்த பிறகு மாதாமாதம் வரும் முட்டை எங்கே போகும்? உள்ளேயே சேர்ந்து கட்டியாகிவிடாதா?

பதில்: சேராது. முட்டை வெறும் ஓர் உயிரணு. ஒரு நாளில் சிதைந்து உடலாலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சிகிச்சைக்கு முன்பும் கருவுறாத மாதங்களில் அதற்கு இதே முடிவுதான். கருக்குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ளது, இத்தாலிய உடற்கூற்றியலாளர் ஃபெலோப்பியோ 1561-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே ஃபெலோப்பியன் குழாய் என்று வழங்குகிறது. அதன் வெளிமுனை சினைப்பையோடு முழுவதுமாக இணைந்திருப்பதில்லை. விரல்களைப் போன்ற ஓரங்களால் சினைப்பையைத் தழுவி முட்டையை உள்ளே வாங்கிக்கொள்கிறது. முட்டையும் விந்தணுவும் சந்திப்பது இந்தக் குழாயின் அகன்ற பகுதியில்தான். உங்கள் சிகிச்சை தடுத்தது அந்தச் சந்திப்பை மட்டுமே. சினைப்பையும் கருப்பையும் முன்போலவே இயங்கும், மாதவிடாயும் வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்தச் சிகிச்சைக்குப் பின் மிக அரிதாகக் கரு உண்டானால் அது குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து அதிகம். மாதவிடாய் தள்ளிப்போய், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலியோ மயக்கமோ வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். வெள்ளைப்படுவதால் உடல் சத்தெல்லாம் வெளியேறி எலும்பு தேய்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. கருப்பையின் கீழ்முனையான கருப்பை வாயும் யோனிச் சுவரும் நாள்தோறும் சிறிதளவு நீரைச் சுரக்கின்றன. அதில் எலும்பும் இல்லை, சத்தும் போவதில்லை. முட்டை வெளியாகும் நாட்களில் அது தெளிவாக, முட்டையின் வெள்ளைக்கருவைப் போல இழுபடும். விந்தணு நீந்திச் செல்ல வழிவிடுவதற்கான ஏற்பாடு அது. பிறகு கெட்டியாகி அந்த வழியை அடைத்துக்கொள்ளும். யோனிக்குள் வாழும் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அங்கே பி.ஹெச். அளவில் 3.8 முதல் 4.5 வரையிலான அமிலத்தன்மையை நிலைநிறுத்துகின்றன. தீய கிருமிகள் பெருகாமல் காப்பது இதுவே. உள்ளே சோப்பும் வாசனைத் திரவமும் விட்டுக் கழுவுவது இந்தக் காவலைத்தான் கலைக்கிறது. வெளிப்பகுதியை வெறும் நீரால் கழுவினால் போதும். துர்நாற்றம், அரிப்பு, பச்சை அல்லது அடர்மஞ்சள் நிறம், தயிர் போன்ற திரிதல் இருந்தால் அது தொற்று, மருந்தால் குணமாகும்.

கேள்வி: எனக்கு 43 வயது. நார்க்கட்டிக்காகக் கருப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பைகளை விட்டுவைத்திருக்கிறார்கள். மாதவிடாயே நின்ற பிறகும், “உங்களுக்கு மெனோபாஸ் இன்னும் வரவில்லை” என்று டாக்டர் சொல்கிறார். இது எப்படி?

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரி. மாதவிடாய் வெளிப்படுவது கருப்பையிலிருந்து. அதற்கு ஆணையிடும் ஹார்மோன்கள் சுரப்பது சினைப்பையிலிருந்து. உதிர்வதற்கான படலம் இப்போது இல்லை என்பதால் ரத்தப்போக்கு நின்றுவிட்டது. சினைப்பைகளோ முன்போலவே ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சுரந்துகொண்டிருக்கின்றன. எலும்புக்கும் இதயத்துக்கும் அந்த ஈஸ்ட்ரோஜன் இன்னும் சில ஆண்டுகள் துணையாக இருக்கட்டும் என்றுதான் அவற்றை விட்டுவைத்திருக்கிறார்கள். மாதவிடாய் வராமலே மார்பு கனப்பதையும் மனநிலை மாறுவதையும் நீங்கள் மாதந்தோறும் உணரக்கூடும். அதன் காரணம் இதுவே.

சினைப்பையில் முட்டைகள் ஏறத்தாழத் தீர்ந்து சுரப்பு அடங்கும் நிலையே மெனோபாஸ். பெரும்பாலும் அது 45-க்கும் 55-க்கும் இடையில் நிகழும். மற்றப் பெண்களுக்குத் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமலிருந்தால் அதை உறுதி செய்கிறோம். உங்களுக்கு அந்த அடையாளம் இல்லாததால், திடீரென உடல் முழுவதும் சூடேறி வியர்ப்பது, தூக்கம் கெடுவது, யோனி வறண்டு எரிவது ஆகியவற்றைக் கவனித்துவாருங்கள். கருப்பையை எடுத்தவர்களுக்குச் சினைப்பைக்கு வரும் ரத்த ஓட்டம் சற்றுக் குறைவதால், சிலருக்கு மெனோபாஸ் கொஞ்சம் முன்னதாகவே வருவதும் உண்டு.

இன்னொன்றையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கருப்பையோடு கருப்பை வாயையும் எடுத்தார்களா, அல்லது அதை விட்டுவைத்திருக்கிறார்களா? விட்டுவைத்திருந்தால் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை நீங்கள் முன்போலவே தொடர வேண்டும். அறுவை சிகிச்சை அறிக்கையில் அது எழுதப்பட்டிருக்கும். அறிக்கையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.